கூடுதல் கட்டில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. கோழிக்குழம்பு தின்ற மயக்கத்தில் விடுதிப் பெண்கள் அறுபத்திரண்டு பேரும் சுருண்டு கிடந்தார்கள். திருச்சியில் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைத் தொட்டால் தெரியும். வார்டன் சுகந்தி மட்டும் அலுவலக அறையில், மேஜை விசிறிக்கு நேராக உட்கார்ந்து, ஒரே ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை நிரப்பிப் படம் பிடித்து நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வருகிற மாசம் தன் இரண்டு பிள்ளைகளோடு கோலாலம்பூருக்குப் பறப்பாள், நாலு பகல் மூணு ராத்திரி. அனுப்பாவிட்டால் அந்த மூணு இடமும் வரிசையில் காத்திருக்கிற வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். டிராவல்ஸில் இருக்கிற ஷகிலா பானு நல்ல பெண், குரலிலேயே சர்க்கரை கொட்டும். அவள் அனுப்பிய குரல் செய்தியை சுகந்தி இதுவரை நாலு முறை கேட்டுவிட்டாள். "அக்கா, ஃபாரத்துல என்னமோ இடிக்குதே? பொண்ணுக்கு இறால் ஆகாது, உதடு வீங்கிடும்னு எழுதியிருக்கீங்க. நேர்ல வந்தப்ப என் பொண்ணுக்கு இறால்னா உசிருன்னு சொன்னீங்களே? அப்புறம் உயரம், சட்டை அளவு, நீச்சல், எக்ஸ்ட்ரா பெட்டு, எல்லாம் காலியா கிடக்கு. புது ஃபாரம் அனுப்பியிருக்கேன், பெத்த தாய்தானே, அஞ்சு நிமிஷ வேலை, போட்டு அனுப்பிடுங்கக்கா." பெத்த தாய்தானே. அஞ்சு நிமிஷ வேலை. சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அது, நெஞ்சுக்குள் ஏதோ புரையேறினது.

இறால் ஆகாதது பதினாலாம் நம்பர் அறை ஹேமலதாவுக்கு. போன ஆடி மாசம் யாரோ கொண்டுவந்த இறால் தொக்கை இரண்டு வாய் தின்றுவிட்டு, உதடு இட்லி மாதிரி உப்பி, மூச்சு விட முடியாமல் திணறி, சுகந்திதான் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த ஹேமலதாவின் உதட்டைக் கொண்டுவந்து தன் மகள் மிருதுளாவின் பெயருக்கு நேரே எழுதி வைத்திருக்கிறாளே, என்ன கூத்து இது. கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது. வார்டன் கை. ஒன்பதாம் நம்பர் பெண்ணுக்குக் கத்தரிக்காய் ஆகாது, இருபத்தொன்றில் இருக்கிறவள் இருட்டென்றால் நடுங்குவாள், முப்பதில் இருக்கிற கோவைக்காரி அவள் அப்பாவிடம் பேசுகிற அன்றைக்கெல்லாம் சாப்பிட மாட்டாள், எல்லாம் அத்துப்படி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தானே வளர்ந்திருக்கிறதுதான். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் இந்தத் தாள் கேட்கிறது, சென்டிமீட்டரில். நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் குட்டித் தொட்டியில் வாத்து பொம்மைகளோடு விட்டுவிடுவார்களாம். கௌசிக்குக்கு எட்டு வயது. அவனைப் போய் வாத்தோடு விட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டானா? வைத்துக்கொள்வானா? ஐந்து வயதில் வைத்துக்கொள்வான். எட்டு வயதில் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும். தெரிகிறவள் கரூரில் இருக்கிறாள். நாத்தனார் பூங்கோதை. பிள்ளைகளுக்கு அத்தை.

ஒரு போன் போட்டால் தீர்ந்தது. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். பூங்கோதைதான் எடுப்பாள். எடுத்ததும் "சொல்லுங்க அண்ணி" என்பாள், அந்த அண்ணியை மட்டும் இன்னும் விடவில்லை, விவாகரத்துத் தாளில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது. அப்புறம் உயரம் கேட்டால் ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் சுகந்தி முக்கால் மணி நேரமாகப் பேனா மூடியைத் தின்கிறாள். பெத்தவளுக்கே தெரியலையா என்று அவள் கேட்கவே மாட்டாள், நல்லவள், அதுதான் பிரச்சினை. கெட்டவளாக இருந்தால் பதிலுக்கு நாலு கேட்கலாம். நூற்றிநாற்பத்து எத்தனை என்று அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தது மாதிரி சட்டென்று சொல்வாள். சொல்லட்டுமே, சொன்னால் என்ன? வேண்டாம். பிள்ளைகளின் அப்பா தாமோதரன்கூட இப்படித்தான் ஏமாற்றிவிட்டான். வெளிநாடு போக அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றதும், அவன் தரமாட்டான், சண்டை வரும், வக்கீல் வருவார் என்று சுகந்தி இருபது பதில்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு கரூருக்குப் போனாள். பஸ்ஸில் வாய்விட்டு ஒத்திகை பார்த்ததில் பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். அவனோ தாளை வாங்கினான், கண்ணாடியைப் போட்டான், கையெழுத்தைப் போட்டான். "ஸ்கூல் லீவுதானே, கூட்டிட்டுப் போயிட்டு வா. கௌசிக்குக்கு ஜலதோஷம் பிடிக்காம பாத்துக்க" என்றான், அவ்வளவுதான். இருபது பதிலும் வயிற்றுக்குள்ளேயே செரிக்காமல் கிடந்தன. தடுக்க ஒருத்தரும் இல்லை என்று ஆனபிறகு மிச்சம் யார்? நான்தான். நான் ஒருத்திதான் குறுக்கே நிற்கிறேன்.

அளந்தால் என்ன? மேஜை இழுப்பறையில் ஜன்னல் திரைக்கு அளவெடுத்த டேப் இருந்தது. சுகந்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள், எவளாவது பார்த்தால் மேடத்துக்குக் கழன்றுவிட்டது என்பாளுங்க. போன இரண்டாம் சனிக்கிழமை ஐஸ்கிரீம் கடையில் கௌசிக் பக்கத்தில் வந்து நின்றான். மாசத்துக்கு ஒரு சனி, இரண்டு மணி நேரம், அடுத்த மேஜையில் பூங்கோதை காப்பியை ஆற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள், கோர்ட்டு போட்ட ஏற்பாடு. நின்றபோது அவன் தலை எங்கே இருந்தது? அவன் மயிர் என் புடவையில் உரசியது. அந்த மாம்பழ நிறப் புடவை. தோளுக்குக் கீழே. எத்தனை விரல் கீழே? அவள் சுவரோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். வெண்ணிலா ஐஸ்கிரீம் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் ஒன்றாக வந்தன, உச்சந்தலையில் சுழி ஒன்று, பிறந்தபோதே இருந்தது, ஒற்றைச் சுழி. நாலு விரல். ஆமாம், நாலு விரல்தான், ஏனென்றால் அப்போது கையைக் குறுக்கே போட்டு அவனை அணைக்கலாமா கூடாதா என்று யோசித்தேன், யோசித்து முடிப்பதற்குள் அவன் போய் உட்கார்ந்துவிட்டான். தோள் உயரம் நூற்றிருபத்தொன்பது. நாலு விரல் போனால் நூற்றிருபத்திரண்டு. வாத்து வேண்டாம்! அப்பாடா என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது. எழுதினாள். அதற்கு மேலே இருந்தது மிருதுளாவின் கட்டம். அங்கே டேப் என்ன செய்யும். மிருதுளாவைப் பார்த்து ஏழு மாசம் ஆகிறது.

டியூஷன் என்றார்கள். முதல் மாசம் டியூஷன், அடுத்த மாசம் காய்ச்சல், அப்புறம் மறுபடி டியூஷன், பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார்கள், கௌசிக் மட்டும் வந்தான். அவள் கடைசியாகப் பார்த்தபோது புரட்டாசி மாசம், மிருதுளா பச்சைச் சுடிதாரில் இருந்தாள், ஐஸ்கிரீமை உருகவிட்டு ஸ்பூனால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு முடிந்து பதிமூன்று நடக்கிறது. இந்த நினைப்பு வரும் என்று தெரிந்துதான் இத்தனை நேரம் இறாலையும் வாத்தையும் கட்டிக்கொண்டு அழுதாள். பதிமூன்று நடக்கிறதே. ஆகியிருக்குமோ? அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் நாப்கின் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன, கேட்கிற பெண்ணுக்கு யார் கண்ணிலும் படாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, வெந்நீர்ப் பையும் கொடுத்து அனுப்புவாள், அதில் அவளை அடிக்க ஆளில்லை. சொந்தப் பெண்ணுக்கு ஆகியிருந்தால் சொல்லாமலா இருப்பார்கள்? சேச்சே. தாய் மாமன் சீர் வேண்டும், மஞ்சள் நீர் ஊற்ற வேண்டும், அம்மா இல்லாமல் அதெல்லாம் நடக்குமா. நடக்காது. நடக்காதா? அம்மா இல்லாமல் என்னென்னவோ நடக்கிறதே, பல் விழுகிறது, முளைக்கிறது, பள்ளிக்கூடம் மாறுகிறது, இதுமட்டும் அம்மாவைக் கேட்டுக்கொண்டா வரும். "மேடம்! மோட்டாரு! தண்ணி கொட்டுது மேடம்!" மேலேயிருந்து ஒரு பெண் கத்தினாள். அய்யோ, மதியம் போட்ட மோட்டார். ஓடிப்போய் நிறுத்தினாள். மாடித் தொட்டி வழிந்து சுவரோரமாக இறங்கி, வாசலில் மாட்டியிருந்த பலகையை நனைத்துக்கொண்டிருந்தது. 'ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் அனுமதி இல்லை.' அந்தப் பலகையை வண்ணம் அடித்து மாட்டச் சொன்னதே அவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், கண்டிப்பான வார்டன் என்று பெயர் வாங்க வேண்டுமே. கோர்ட்டில் அதைத்தான் கேட்டார்கள், நீ தங்குகிற இடத்தில் பிள்ளைகள் தங்க முடியுமா அம்மா என்று. பதில் பலகையிலேயே இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது மூன்று பத்து. புடவை முழங்கால் வரை ஈரம். ஈரம் நல்லதாக இருந்தது. கோலாலம்பூரில் தினமும் சாயங்காலம் மழை கொட்டுமாம், வெயில் அடித்துக்கொண்டே இருக்குமாம், சட்டென்று வானம் பிய்த்துக்கொள்ளுமாம். திருச்சிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர், மதுரைக்குப் போவதைப் போலப் போய்விட்டு வருகிறார்கள், விடுதிச் சமையல்காரம்மாளின் சம்பந்திகூடப் போய் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். சுகந்தி விமானத்தில் ஏறினதே இல்லை. முருகன் மலையில் இருநூற்றெழுபத்திரண்டு படியாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். குரங்கு உண்டு. கௌசிக் குரங்குக்குப் பயப்படுவானா? எழுது, தெரியாது. பறவைப் பூங்கா. அப்புறம் தரைக்கடியில் போகிற ரயில். அந்த ரயிலை நினைத்துத்தான் ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டது. கதவு தானாக மூடுமாம். மிருதுளா ஏறிவிடுகிறாள், நான் ஏறிவிடுகிறேன், கௌசிக் ஷூ நாடாவைக் கட்டக் குனிகிறான், கதவு மூடிக்கொள்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம். பாஷை தெரியாத ஊரில், மஞ்சள் தொப்பியோடு. குழுவில் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பியும் மஞ்சள் பனியனும் கொடுப்பார்களாம், தொலைந்தால் அடையாளம் தெரிய. தொலையாமல் இருக்க என்ன சொல்லிக் கொடுப்பது? அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தாள். கதவு மூடிவிட்டால் பயப்படாதே கண்ணு. எங்கேயும் போகாதே. நின்ற இடத்திலேயே நில்லு. அம்மா வந்துடறேன். அம்மா வந்துடறேன். இங்கே வந்ததும் எண்ணம் முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. ஏனென்றால் இதே வாக்கியத்தை அவள் ஏற்கனவே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கரூர் வீட்டு வாசலில், ஒரு சூட்கேஸோடு. யார் சரி, யார் தப்பு, அதெல்லாம் ஊர் பேசித் தீர்த்துவிட்டது, வீட்டுக்குள் மூச்சு முட்டினது அவளுக்குத்தான் தெரியும். மிருதுளா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கௌசிக் ஒற்றைச் செருப்போடு நின்றான். இங்கேயே இருங்க, அம்மா வந்துடறேன். இருந்தார்கள். அவள் வரவில்லை.

எக்ஸ்ட்ரா பெட் வேண்டுமா, ஆம், இல்லை. இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி, இப்போது அதுவும் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. அறையில் இரண்டு கட்டில் இருக்குமாம், வேண்டுமென்றால் மூன்றாவதாக மடக்குக் கட்டில் போடுவார்களாம். யார் யாரோடு படுப்பது? அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. கௌசிக் அவள் வலது பக்கம்தான். அவளுடைய காது மடலைப் பிடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும், தாய்ப்பால் மறக்கடித்தபோது பிடித்த பழக்கம், இரண்டு விரலால் மடலைப் பிசைந்துகொண்டே இருப்பான், பிசைதல் நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். தோடு குத்துமே என்று படுக்குமுன் வலது காதுத் தோட்டை மட்டும் கழற்றி வைப்பாள். இன்றைக்கும் கழற்றி வைக்கிறாள், வெட்கக்கேடு, மூன்று வருஷமாக ஒற்றைத் தோட்டோடு ஒற்றைக் கட்டிலில் படுக்கிற பொம்பளையை எங்கேயாவது பார்த்ததுண்டா. இடதைக் கழற்றினால் ஒன்றுமில்லை, வலதைக் கழற்றாவிட்டால் தூக்கம் வருவதில்லை. இப்போது அவன் யாருடைய காதைப் பிடிக்கிறான்? பூங்கோதை காதையா? பூங்கோதையின் காது பெரிசு, ஜிமிக்கி போட்டுப் போட்டுத் தொங்கிப்போன காது. பிடிக்கட்டும். பிள்ளை தூங்கினால் சரி. பிடிக்கக் கூடாது! இரண்டும் ஒரே சமயத்தில் மனசில் வந்ததும் சுகந்திக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. மூன்று நாற்பது. இனி யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமில்லாமல் போனதால்தான் விரல் தைரியமாக எண்ணை அழுத்தியது.

எடுத்தது பூங்கோதை இல்லை. "ஹலோ" என்றது ஒரு குரல், பூங்கோதையினுடையதும் இல்லை, சின்னப் பெண்ணினுடையதும் இல்லை. சுகந்திக்கு யாரென்று பிடிபட இரண்டு விநாடி ஆனது. "மிருது?" என்றாள். "ம். அத்தை மாவாட்டப் போயிருக்காங்க. என்ன வேணும்?" என்ன வேணும். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போனது. "கோலாலம்பூர் ஃபாரம்மா. உன் உயரம் கேக்குறாங்க" என்றாள், கடைக்காரரிடம் கேட்பது மாதிரி. "நூத்தி அம்பத்தொண்ணு. கௌசிக் நூத்தி இருபத்திரெண்டு. போன வாரம்தான் ஸ்கூல்ல அளந்தாங்க." நாலு விரல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நூற்றைம்பத்தொன்று. என் நெற்றிக்கு வந்துவிட்டாள். "நீச்சல்?" "ரெண்டு பேருக்கும் தெரியும்." "இறால் சாப்பிடுவேல்ல?" "நான் கவுச்சி விட்டாச்சு. ஒரு வருஷமாச்சு." ஒவ்வொன்றாக எழுதினாள். வார்டனாக இருப்பதில் ஒரு வசதி, குரல் நடுங்காமல் கேட்டு எழுதத் தெரியும். "செவ்வாய்க்கிழமை தண்ணி விளையாட்டு வச்சிருக்காங்க. அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். மிருதுளா குறுக்கே சொன்னாள். "என்ன தேதி?" தேதியைச் சொன்னாள். அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணுவது போல ஒரு இடைவெளி. "அன்னைக்கு நான் இறங்க மாட்டேன். எனக்கு அந்த வாரம் வரும்."

மேஜை விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பியது. தாளின் ஓரம் எழுந்து படுத்தது. "எப்போடா?" என்றாள் சுகந்தி. "ஐப்பசியில. வீட்டோட தண்ணி ஊத்திட்டாங்க. பெரிசா ஒண்ணும் பண்ணல." "எனக்கு ஒரு வார்த்தை..." "அத்தை சொல்லணும்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்." "ஏன் தங்கம்?" "வந்தா அழுவீங்க. எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. அப்புறம் நீங்க கிளம்பிப் போயிடுவீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சைத் தாளில் விடை எழுதுகிற மாதிரி சொன்னாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள், அழுவீங்க என்று சொல்லிவிட்டாளே, அழக் கூடாது, இப்போது அழுதால் அவள் சொன்னது சரியாகிவிடும். பாவி, என் பொண்ணுக்குத் தலையில தண்ணி ஊத்தின அன்னைக்கு நான் எந்தப் பொண்ணுக்கு வெந்நீர்ப் பை நிரப்பிக்கிட்டு இருந்தேனோ. "வயிறு வலிக்குதா அந்த நேரம்?" என்று கேட்டாள், வேறென்ன கேட்பது. "முதல் நாள் மட்டும்." "வெந்நீர்ப் பை கொண்டாறேன். ஊருக்கு." "ம்" என்றாள் மிருதுளா. வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாததைச் சுகந்தி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டு. "அங்க எத்தனை கட்டில்?" இந்த முறை கேட்டது மிருதுளா. "ரெண்டு. வேணும்னா இன்னொண்ணு போடுவாங்க." "எனக்குத் தனியா வேணும்." "சரிம்மா. தனியா." "கௌசிக்கும் தனியாத்தான் படுப்பான். யாரும் பக்கத்துல வேணாம் அவனுக்கு. நீங்க போனதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் அத்தை பக்கத்துல படுத்தாங்க, அவங்க காதைப் பிடிக்கவே இல்ல அவன். அவன் காதை அவனே பிடிச்சுக்குவான். பிடிச்சுக்கிட்டே தூங்கிடுவான். உங்களுக்குத் தொந்தரவு பண்ண மாட்டான்." பின்னால் வாசல் கதவு திறக்கிற சத்தம், பூங்கோதையின் குரல், யாரு கண்ணு போன்ல. "வச்சிடவா?" என்றாள் மிருதுளா. "வச்சிடும்மா."

நாலு மணி டீக்குப் பெண்கள் இறங்கிவரும் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டது. ஹேமலதா கதவைத் தட்டி, மேடம் டீ, என்றாள். இதோ வரேன் என்று சுகந்தி குரல் கொடுத்தாள், கண்ணைத் துடைக்கவில்லை, குனிந்தால் தாள் நனையும் என்று தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொண்டாள். ஒரு எட்டு வயதுப் பையன், இருட்டில், தன் காதைத் தானே பிசைந்துகொண்டு படுத்திருக்கிறான். எந்தக் காது என்று கேட்க மறந்துவிட்டாள். பரவாயில்லை. மிருதுளாவுக்கு ஒரு கட்டில், இன்னொன்றில் அவன் என் வலது பக்கம். பேனாவை எடுத்து, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில், கூடுதல் கட்டில் வேண்டாம் என்று எழுதினாள்.